உருகு உப்பு உலை மையக் கணக்கு: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் முறை

உப்பு ஓடும் சேனலின் விட்டத்தை மாற்றிப் பார்ப்பது, உப்பின் பங்கைக் கூட்டிக் குறைப்பது, நியூட்ரான் வேகத்தைத் தணிக்கும் கிராஃபைட் அடுக்கைத் திருத்துவது என்று ஆப்டிமைசரை (சிறந்த வடிவத்தைத் தேடும் நிரலை) ஓட விடும் முன் அடிப்படை மாடல் சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். உருகு உப்பு உலையில் எரிபொருளே திரவமாகச் சுற்றி ஓடுகிறது. அதனால் திட எரிபொருள் உலைக் கணக்கில் பழகிய கை தன்னையறியாமல் செய்யும் பல காரியங்கள் இங்கே பிசகும். "புதிய வடிவம் பழையதைவிட 3 சதவீதம் மேல்" என்று திரையில் வந்தால், வடிவத்தைப் பாராட்டும் முன் இன்புட்டைச் சந்தேகியுங்கள்.

அடிக்கடி தலைகாட்டும் கோளாறுகள் கீழே அறிகுறி வாரியாக உள்ளன. ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடக் கூடிய காரணம் முதலில் வரும். வாரக்கணக்கில் இழுப்பது கடைசியில் வரும்.

## முதலில் ஓர் அளவுகோல்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் 1965 முதல் 1969 வரை இயங்கிய சோதனை உலை எம்எஸ்ஆர்இ (உருகு உப்பு உலைச் சோதனை). அதன் அளவுகளும் சோதனை முடிவுகளும் வெளிப்படையாகக் கிடைக்கின்றன. உங்கள் வடிவம் எதுவானாலும், அதே கோட் (நியூட்ரான் கணக்கு நிரல்), அதே லைப்ரரி (அணுத் தரவுத் தொகுப்பு), அதே செட்டிங் கொண்டு முதலில் எம்எஸ்ஆர்இ மாடலை ஓட்டுங்கள். அதில் வராத விடை உங்கள் வடிவத்தில் சரியாக வரும் என்று நம்ப இடமில்லை.

கையில் இருக்க வேண்டிய எண்கள்: உப்பு லித்தியம், பெரிலியம், சிர்கோனியம், யுரேனியம் ஃப்ளூரைடுகள், மோல் சதவீதத்தில் சுமார் 65, 29.1, 5, 0.9. கிராஃபைட் கட்டைகள் 5.08 செ.மீ. சதுரம். பக்கத்துக்கு ஓர் அரைச் சேனல் வெட்டப்பட்டிருக்கும். இரண்டு கட்டைகள் சேரும்போது 1.016 செ.மீ. அகலமும் 3.048 செ.மீ. நீளமும் உள்ள, முனை வளைந்த ஒரு முழுச் சேனல் கிடைக்கும். முதல் கிரிட்டிக்கல் (தொடர்வினை தானே நிலைத்து நிற்கும் நிலை) சோதனையின் வெப்பநிலை சுமார் 911 கெல்வின்.

வரைந்த செல்லைச் சோதிக்க ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு சேனலின் பரப்பு 2.875 சதுர செ.மீ. ஒரு கட்டைக்கு நான்கு அரைகள், அதாவது இரண்டு முழுச் சேனல்கள், 5.75 சதுர செ.மீ. கட்டையின் பரப்பு 25.8. உப்பின் பங்கு 22.3 சதவீதம். ஓக் ரிட்ஜ் ஆவணங்கள் சொல்லும் 22.5-ஐ ஒட்டி வருகிறது. உங்கள் மாடலில் 11 என்றோ 44 என்றோ வந்தால் அரைச் சேனலையும் முழுச் சேனலையும் குழப்பியிருக்கிறீர்கள்.

கே என்பது ஒரு தலைமுறை நியூட்ரான்கள் அடுத்த தலைமுறையில் எத்தனை மடங்காகின்றன என்ற எண். சரியாக 1 என்றால் உலை கிரிட்டிக்கல். 1-இலிருந்து அது விலகும் அளவே ரியாக்டிவிட்டி. இனி ரியாக்டிவிட்டி எல்லாம் பிசிஎம் கணக்கில்: 1 பிசிஎம் என்பது லட்சத்தில் ஒரு பங்கு.

## அறிகுறி 1: கே மதிப்பு பல ஆயிரம் பிசிஎம் கீழே கிடக்கிறது

லித்தியத்தைப் பாருங்கள். முதல் சந்தேகம் எப்போதும் இதுதான். கோடில் "லித்தியம்" என்று தனிமமாகக் கொடுத்தால் இயற்கை லித்தியத்தை எடுத்துக்கொள்ளும். இயற்கை லித்தியத்தில் லித்தியம்-6 சுமார் 7.6 சதவீதம். அதன் வெப்ப நியூட்ரான் உறிஞ்சும் குறுக்குவெட்டு, அதாவது மெதுவான நியூட்ரானைப் பிடிக்கும் வாய்ப்பு, 940 பார்ன் (அதை அளக்கும் அலகு). லித்தியம்-7-க்கு வெறும் 0.045. சராசரி போட்டால் இயற்கை லித்தியம் 71 பார்ன், 99.995 சதவீதம் லித்தியம்-7 ஆகச் செறிவூட்டியது 0.09 பார்ன். கிட்டத்தட்ட 770 மடங்கு வித்தியாசம். சோதனை: லித்தியம்-6-ஐ முழுவதும் எடுத்துவிட்டு ஒரு ரன். கே துள்ளி எழுந்தால் காரணம் கிடைத்துவிட்டது. செறிவைக் கொடுக்கும்போது அணு சதவீதமா எடை சதவீதமா என்பதையும் கவனியுங்கள். 99.99-க்கும் 99.995-க்கும் இடையில் லித்தியம்-6 பாதியாகிறது. கடைசி இலக்கம் இங்கே அலங்காரமல்ல.

மோலை எடையாக மாற்றியதில் பிழை. மேலே சொன்ன கலவையில் 100 மோலுக்கு ஃப்ளூரின் 65 + 58.2 + 20 + 3.6 = 146.8. மொத்த அணுக்கள் 246.8. மோல் சதவீதத்தை அப்படியே அணு சதவீதமாகப் போட்டுவிட்டு ஃப்ளூரினைக் கடைசியில் ஒட்டவைப்பவர்கள் நிறையப் பேர். சரிபார்க்க எடைக் கணக்கு போடுங்கள்: 100 மோலுக்குச் சுமார் 4,177 கிராம், அதில் யுரேனியம் 5.1 சதவீதம், லித்தியம் 10.9 சதவீதம். கோட் அச்சிடும் எடைப் பங்குகள் இதோடு ஒத்துப்போக வேண்டும்.

கிராஃபைட்டில் போரான். ஒரு பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இயற்கை போரான், கார்பன் அணு ஒன்றுக்குச் சுமார் 0.0008 பார்ன் உறிஞ்சலைச் சேர்க்கும். கார்பனின் சொந்த உறிஞ்சலே 0.0035 பார்ன்தான். அதாவது ஒரே ஒரு பிபிஎம், கிராஃபைட்டின் உறிஞ்சலைக் கால்வாசி கூட்டிவிடுகிறது. வேறு உலைக்கான பொருள் அட்டையைக் காப்பி செய்திருந்தால் அதில் எத்தனை பிபிஎம் இருக்கிறது என்று திறந்து பாருங்கள்.

குளோரைடு உப்பு என்றால் குளோரின்-35. இயற்கைக் குளோரினில் அது 76 சதவீதம். வெப்ப நியூட்ரான் உறிஞ்சல் 44 பார்ன். வேக நியூட்ரான் உலையிலும் அது நியூட்ரானை வாங்கிப் புரோட்டானைத் தள்ளும் வினை கணக்கைப் பாதிக்கும். அந்த வினைக்கான தரவு லைப்ரரிக்கு லைப்ரரி வேறுபடுகிறது. இரண்டு லைப்ரரியில் ஓட்டி வித்தியாசத்தைப் பதிவு செய்யுங்கள். நூற்றுக்கணக்கான பிசிஎம் நகர்ந்தால் வடிவத்தைத் தொடாதீர்கள். அணுத் தரவு மதிப்பீட்டாளரிடம் கொண்டு போங்கள்.

## அறிகுறி 2: கே 2 சதவீதம் மேலே நிற்கிறது

எம்எஸ்ஆர்இ மாடலில் இது வந்தால் பதற வேண்டாம். ஆனால் உடனே ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். சர்வதேச உலை இயற்பியல் பெஞ்ச்மார்க் தொகுப்பில் எம்எஸ்ஆர்இ முதல் கிரிட்டிக்கல் சோதனைக்கான மதிப்பு 0.99978, நிச்சயமின்மை 420 பிசிஎம். அதே தொகுப்பில் செர்பென்ட் கோடும் இஎன்டிஎஃப்/பி-7.1 லைப்ரரியும் கொண்டு கணக்கிட்டது 1.02132. கவனமாகச் செய்த மாடலே 2,100 பிசிஎம்முக்கு மேல் உயர்ந்துதான் நிற்கிறது. எனவே 1.02-ஐ ஒட்டி வருவது உங்கள் தவறு என்று சொல்ல முடியாது. 1.035 வந்தாலோ 1.000 "அழகாக" வந்தாலோ தவறு இருக்கிறது. இரண்டாவது இன்னும் ஆபத்து: இரண்டு பிழைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு நல்ல பிள்ளை வேஷம் போடுகின்றன.

வரிசையாகப் பாருங்கள்:

வெப்பநிலை கொடுத்தீர்களா? ஓப்பன்எம்சி கோடில் வெப்பநிலை குறிப்பிடாத பொருள் 293.6 கெல்வினில் இருப்பதாகக் கொள்ளப்படும். எம்எஸ்ஆர்இ போன்ற மையத்தில் ஒரு டிகிரிக்குப் பத்துக்கும் மேற்பட்ட பிசிஎம் இறங்கும் என்பதால், 600 டிகிரி குளிர்ந்த மாடல் விண்ணுக்கு ஏறிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இயல்பு செட்டிங்கில் அந்தக் கோட் அருகிலுள்ள வெப்பநிலைத் தரவை 10 கெல்வின் சகிப்புக்குள் மட்டும் எடுக்கும். பரவலாகக் கிடைக்கும் லைப்ரரியில் இந்த வட்டாரத்தில் 600, 900, 1200 கெல்வின்தான் இருக்கும். 911-க்கும் 900-க்கும் இடைவெளி 11. ஒரே ஒரு கெல்வினால் ரன் நின்றுவிடும். அவசரத்தில் சகிப்பை 200 என்று விரித்துவிட்டால், கிராஃபைட்டின் வெப்பச் சிதறல் தரவு (அணுப் பிணைப்பு மெதுவான நியூட்ரானின் மோதலை எப்படி மாற்றுகிறது என்று சொல்வது) 800, 1000 என்று இருப்பதில் 1000-ஐ எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஓடும். இடைக்கணிப்பு முறைக்கு மாற்றுவதே சரி.

வெப்பச் சிதறல் தரவு இணைந்திருக்கிறதா? செர்பென்டில் தரவு அட்டையை எழுதினால் மட்டும் போதாது, கிராஃபைட் பொருளின் வரியிலும் அதைச் சுட்ட வேண்டும். எம்சிஎன்பி கோடில் இதற்கு எம்டி அட்டை. புதிய லைப்ரரிகளில் நுண்துளையற்ற கிராஃபைட், 10 சதவீத நுண்துளை, 30 சதவீத நுண்துளை என்று மூன்று வகை உண்டு. எதை எடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். உப்பிலுள்ள பெரிலியத்துக்கு உலோகப் பெரிலியத்தின் தரவையோ பெரிலியம் ஆக்சைடின் தரவையோ மாட்டிவிடாதீர்கள். உருகிய உப்பில் அது வேறு பிணைப்பில் இருக்கிறது.

கட்டுப்பாட்டுக் கழிகள். எம்எஸ்ஆர்இயில் கடோலினியம் ஆக்சைடு கழிகள் மூன்று. கழியை வெளியே எடுத்தாலும் அது நுழையும் ஹாஸ்டெலாய்-என் (நிக்கல் கலப்புலோகம்) குழாய் உள்ளேதான் இருக்கும். அந்தக் குழாயை வரையாமல் விட்டால் நிக்கல் உறிஞ்சல் முழுவதும் காணாமல் போகும்.

கிராஃபைட் அடர்த்தி. சோதனையின் 420 பிசிஎம் நிச்சயமின்மைக்குப் பெரிய பங்களிப்பு இதிலிருந்துதான். 1.86 கிராம்/க.செ.மீ. என்று போட்டு, 0.02 கூட்டியும் குறைத்தும் இரண்டு ரன் ஓட்டுங்கள். உங்கள் மையம் எவ்வளவு நகர்கிறது என்று தெரிந்துகொள்வது பின்னால் பல விவாதங்களை மிச்சப்படுத்தும்.

சூட்டில் விரிந்த அளவுகளா? வரைபடத்தில் இருப்பது அறை வெப்பநிலை அளவு. ஹாஸ்டெலாய்-என் பாத்திரம் கிராஃபைட்டைவிட அதிகம் விரியும். பாத்திரத்துக்கும் கிராஃபைட்டுக்கும் இடையே உப்பு நிற்கும் இடைவெளி மாறும். உப்பின் அடர்த்தியை மட்டும் சூட்டுக்கு மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விடுவது அரைக்கிணறு தாண்டுவது.

இவ்வளவும் சரி, இன்னும் 2 சதவீதம் நிற்கிறது என்றால் அதைச் சார்புப் பிழை என்று அறிக்கையில் எழுதுங்கள். யுரேனியத்தைக் கொஞ்சம் குறைத்து, போரானைக் கொஞ்சம் தூவி 1.000-க்கு இழுத்துக் கொண்டுவராதீர்கள். அந்தத் திருத்தம் நியூட்ரான்களின் ஆற்றல் நிறமாலையை மாற்றும். பிறகு நீங்கள் ஆப்டிமைஸ் செய்வது வேறொரு உலையை.

## அறிகுறி 3: ஒரே இன்புட், ரன்னுக்கு ரன் வேறு விடை

விடைகள் சொன்ன பிழை அளவுக்குள் சிதறினால் கோளாறில்லை. அதற்கு மேல் சிதறினால் நியூட்ரான் மூலப் பரவல் நிலைபெறும் முன்பே எண்ணத் தொடங்கியிருக்கிறீர்கள். அந்தப் பரவல் இன்னும் மாறுகிறதா என்று காட்டும் ஷானன் என்ட்ரோபி வரைபடத்தைத் திறந்து, அது மட்டமான பிறகே எண்ணும் சுற்றுகள் தொடங்குகின்றனவா என்று பாருங்கள். 1.4 மீட்டர் விட்டமுள்ள எம்எஸ்ஆர்இ விரைவில் அடங்கிவிடும். நான்கு மீட்டரைத் தாண்டும் மையம் அவ்வளவு சீக்கிரம் அடங்காது. எம்எஸ்ஆர்இக்குப் போதுமான தள்ளுபடிச் சுற்றுகளை (எண்ணாமல் விடும் ஆரம்பச் சுற்றுகளை) அங்கே நம்பினால் ஒரு பக்கம் கனத்த திறன் வரைபடம் வரும்.

துகள்கள் காணாமல் போகின்றன என்ற எச்சரிக்கை வந்தால் முதலில் சேனலின் வளைந்த முனைகளைப் பெரிதாக்கி வரைந்து பாருங்கள். பெரும்பாலும் அரை வட்டமும் நேர்ப் பரப்பும் தொடும் இடத்தில் மயிரிழை இடைவெளி கிடக்கும்.

## அறிகுறி 4: வெப்பநிலைக் குணகம் நேர்மறையாக வருகிறது, அல்லது நம்ப முடியாத அளவு நன்றாக இருக்கிறது

வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் ரியாக்டிவிட்டி எவ்வளவு மாறும் என்பதே இந்தக் குணகம். முதலில் சத்தம் (புள்ளியியல் சிதறல்) வேறு, விடை வேறு என்று பிரியுங்கள். 5 டிகிரி மாற்றி 10 பிசிஎம் பிழையுள்ள இரண்டு ரன்களைக் கழித்தால், கழித்த விடையின் பிழை மட்டும் 14 பிசிஎம், டிகிரிக்கு 3. குணகமே 3 என்றால் குறியைக்கூட நம்ப முடியாது. 100 டிகிரி மாற்றுங்கள்.

பிறகு மூன்றாகப் பிரித்து ஓட்டுங்கள்: உப்பின் டாப்ளர் (சூடான எரிபொருள் அணுக்கள் நியூட்ரானைக் கூடுதலாகப் பிடிப்பது) மட்டும், உப்பின் அடர்த்தி மட்டும், கிராஃபைட்டின் வெப்பநிலை மட்டும்.

அடர்த்தி ரன்னில் வழக்கமான தவறு: அடர்த்தியைக் குறைத்த கையோடு உப்பின் நிறையைக் காக்க மையத்தின் உயரத்தைக் கூட்டுவது. உப்பு விரியும்போது கூடுதல் உப்பு பம்ப் கிண்ணத்துக்குப் போய்விடும். சேனலின் கன அளவு அப்படியே இருக்கும். எண்ணிக்கை அடர்த்தி மட்டும் குறைய வேண்டும்.

கிராஃபைட் ரன் நேர்மறை என்றால் அது பிழையாக இல்லாமலும் இருக்கலாம். கிராஃபைட் சூடேறும்போது வெப்ப நியூட்ரான்களின் ஆற்றல் மேலே நகரும். யுரேனியம்-233-க்கு 2 எலக்ட்ரான் வோல்ட் அருகே பிளவு ஒத்ததிர்வுகள் (பிளவு வாய்ப்பு திடீரென உயரும் ஆற்றல்கள்) உள்ளன, புளுட்டோனியம்-239-க்கு 0.3-இல் ஒன்று. நகர்ந்த நியூட்ரான்கள் அங்கே போய்ப் பிளவைக் கூட்டுகின்றன. ஓக் ரிட்ஜின் 1,000 மெகாவாட் ஈனுலை வடிவமான எம்எஸ்பிஆருக்கு அவர்களே கொடுத்த கணக்கு: உப்புக்கு டிகிரி செல்சியஸுக்கு −3.2 பிசிஎம், கிராஃபைட்டுக்கு +2.35, மொத்தம் −0.87. பின்னாளில் பிரான்சின் கிரெனோபிள் குழு மீண்டும் கணக்கிட்டபோது மொத்தம் சற்று நேர்மறையாகவே வந்தது. கிராஃபைட்டே இல்லாத வேக நியூட்ரான் வடிவத்துக்கு அவர்கள் திரும்பியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மொத்தத்தை மட்டும் பார்த்து "எதிர்மறை, சரி" என்று ஆப்டிமைசருக்கு நிபந்தனை கொடுக்காதீர்கள். உப்பு நொடிகளில் சூடேறும், கிராஃபைட் அதன் பின்னால் மெல்லச் சூடேறும். உப்பின் குணகத்துக்கும் மொத்தத்துக்கும் தனித்தனி எல்லை வையுங்கள். மொத்தம் பூஜ்யத்தின் இரு பக்கமும் ஊசலாடும் வடிவம் வந்தால் உலை இயக்கவியல் ஆட்களிடம் காட்டாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

## அறிகுறி 5: தாமத நியூட்ரான் பங்கு திட எரிபொருள் உலையில் வருவது போலவே வருகிறது

தாமத நியூட்ரான் என்பது பிளவின்போதே வராமல், பிளவில் பிறந்த சில அணுக்கள் சிதையும்போது பின்னால் வருவது. யுரேனியம்-235 உப்புக்கு அதன் பங்கு 650, 660 பிசிஎம் என்று வந்தால், கோட் உப்பை நிற்கும் திரவமாக எண்ணியிருக்கிறது. பொதுவான மான்டி கார்லோ கோடுகள் (நியூட்ரான்களை ஒவ்வொன்றாகத் தற்செயல் முறையில் பின்தொடர்பவை) எல்லாமே அப்படித்தான் எண்ணும். உண்மையில் தாமத நியூட்ரானை வெளிவிட வேண்டிய முன்னோடி அணுக்களில் ஒரு பகுதி, குழாயிலும் வெப்பப் பரிமாற்றியிலும் போய்ச் சிதைகின்றன. அந்த நியூட்ரான்கள் மையத்துக்கு உதவாது.

முழு இயக்கவியல் கோட் தேடிப் போகும் முன் ஒரு தாளில் இதைப் போடுங்கள். ஒவ்வொரு முன்னோடிக் குழுவுக்கும்:

மிஞ்சும் பங்கு = சிதைவு மாறிலி ÷ (சிதைவு மாறிலி + வெளியே சிதைந்துபோகும் பங்கு ÷ மையத்தில் கழியும் நொடிகள்)

எம்எஸ்ஆர்இயில் உப்பு மையத்தில் சுமார் 8.5 நொடி, வெளியே 16.7 நொடி. இரண்டாம் குழுவை எடுத்துக்கொள்வோம். சிதைவு மாறிலி நொடிக்கு 0.0305. வெளியே 16.7 நொடியில் 40 சதவீதம் சிதைந்துவிடும். 0.40-ஐ 8.5-ஆல் வகுத்தால் 0.047. மிஞ்சும் பங்கு 0.0305 ÷ 0.0774, அதாவது 0.39. இந்தக் குழுவின் 142 பிசிஎம்மில் 56 மட்டும் மையத்தில் நிற்கிறது, 86 போய்விட்டது. வேகமாகச் சிதையும் ஐந்தாம், ஆறாம் குழுக்களில் இழப்பு 10 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஆறு குழுக்களையும் கூட்டினால் இழப்பு சுமார் 240 பிசிஎம். ஓக் ரிட்ஜில் பம்பை நிறுத்தியும் ஓட்டியும் அளந்தது 212. தாளில் போட்ட கணக்குக்கு இது மிக நல்ல பொருத்தம்.

ஆக மையத்தைச் சுருக்குவதும், வெளிச்சுற்றை நீட்டுவதும், பம்ப் வேகத்தைக் கூட்டுவதும் இந்த இழப்பை மாற்றும். மைய அளவு ஆப்டிமைசரின் மாறி என்றால் இந்தக் கணக்கையும் அதற்குள் வையுங்கள். யுரேனியம்-233-க்கு நிற்கும் நிலையிலேயே 270 பிசிஎம் அளவுதான் கையிருப்பு. அதில் நூறு போனால் கட்டுப்பாட்டுக்கு மிஞ்சுவது கொஞ்சம். பம்ப் திடீரென நிற்கும்போது இந்த இழப்பு முழுவதும் நேர்மறை ரியாக்டிவிட்டியாகத் திரும்பி வரும் என்பதையும் கழிகளின் வலுவைத் தீர்மானிக்கும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

விடை 20 பிசிஎம்முக்குள் வேண்டும், அல்லது மையத்தில் உப்பு நேராக ஓடாமல் சுழல்கிறது என்றால் இந்தச் சூத்திரம் போதாது. ஓட்டத்தையும் நியூட்ரானையும் சேர்த்துத் தீர்க்கும் ஆளிடம் கொடுங்கள்.

## அறிகுறி 6: எரிப்புக் கணக்கில் ஈனும் விகிதம் அள்ளிக் கொட்டுகிறது, அல்லது கே சில வாரத்திலேயே சரிகிறது

எரிப்புக் கணக்கு என்பது எரிபொருள் காலப்போக்கில் எப்படி மாறுகிறது என்பது. ஈனும் விகிதம் என்பது தீர்ந்த எரிபொருளுக்குப் புதிதாக உருவாகும் எரிபொருளின் விகிதம்.

எந்தக் கன அளவை எரிக்கிறீர்கள்? ஐரோப்பிய எம்எஸ்எஃப்ஆர் (உருகு உப்பு வேக உலை) வடிவத்தில் உப்பு 18 கனமீட்டர், அதில் பாதிதான் மையத்தில். மையத்தின் 9 கனமீட்டரை மட்டும் எரிபொருள் என்று கொடுத்தால் யுரேனியம் இரட்டிப்பு வேகத்தில் தீரும், புரோட்டாக்டினியம்-233 (தோரியம் யுரேனியம்-233 ஆகும் வழியில் இடைநிலை) உண்மையைவிட இரு மடங்கு நியூட்ரான் பாயத்தைக் காணும். அதற்கு அரை ஆயுட்காலம் 27 நாள். அதற்குள் நியூட்ரானை விழுங்கிவிட்டால் யுரேனியம்-233 ஆகும் வாய்ப்பு போயிற்று. சரிசெய்வது எளிது: எரியும் பொருளின் கன அளவாக மொத்தச் சுற்றையும் கொடுங்கள், திறனை மாற்றாதீர்கள்.

செனான் எங்கே போகிறது? செனான்-135-இன் வெப்ப நியூட்ரான் குறுக்குவெட்டு 26 லட்சம் பார்ன். முழுவதும் உப்பில் நிற்கிறது என்று ஒரு ரன், முழுவதும் வெளியேறுகிறது என்று ஒரு ரன் ஓட்டி இரு எல்லைகளையும் பாருங்கள். எம்எஸ்ஆர்இயில் உப்போடு சுற்றிய ஹீலியம் குமிழிகள் செனானை அள்ளிச் சென்றதால் நஞ்சேற்றம் (செனான் நியூட்ரானை விழுங்குவதால் வரும் ரியாக்டிவிட்டி இழப்பு) 0.3 முதல் 0.4 சதவீதமே இருந்தது. குமிழி இல்லாத, சீல் செய்யாத கிராஃபைட் கொண்ட வடிவத்துக்கு அதே எண்ணைக் கடன் வாங்காதீர்கள். செனான் கிராஃபைட்டின் நுண்துளைகளுக்குள் போய் உட்காரும்.

அகற்றும் வேகங்கள் யாருடையவை? எம்எஸ்பிஆர் ஆவணத்தில் வாயுக்களுக்கு 20 நொடி, புரோட்டாக்டினியத்துக்கு 3 நாள், அரிய மண் தனிமங்களுக்கு 50 நாள் சுழற்சி. இவை கட்டப்படாத ஒரு ஆலைக்கான இலக்குகள். இதை எடுத்து, சுத்திகரிப்பு ஆலையே இல்லாத உங்கள் வடிவத்தில் போட்டால் ஈனும் விகிதம் 1-ஐத் தாண்டத்தான் செய்யும்.

நிறைச் சமநிலை. ஒவ்வொரு படியிலும் உள்ளே போன தோரியம், யுரேனியம், வெளியே போனது, பிளந்தது எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். கன உலோக மோல் மெல்ல ஏறினால் உப்பின் உருகுநிலையும் அடர்த்தியும் மாறும். கோட் அதைப் பற்றிக் கவலைப்படாது. யுரேனியம் பிளக்கும்போது ஃப்ளூரின் மிஞ்சி உப்பு அரிக்கும் பக்கம் சாயும். எம்எஸ்ஆர்இயில் பெரிலியம் உலோகக் கம்பியை உப்பில் முக்கி அதைச் சரிசெய்தார்கள். உங்கள் எரிப்புக் காலம் சில மாதங்களைத் தாண்டினால் உப்பு வேதியியலாளர் ஒருவர் கலவையைப் பார்த்தாக வேண்டும்.

## அறிகுறி 7: திறன் வரைபடம் சமமாக இருக்கிறது, சூடு மட்டும் ஓரிடத்தில் எகிறுகிறது

வெப்பக் கடத்தல் சூத்திரத்தை முதலில் பாருங்கள். எம்எஸ்ஆர்இ சேனலில் உப்பின் வேகம் நொடிக்குச் சுமார் 0.23 மீட்டர், நீரியல் விட்டம் 1.58 செ.மீ., ரெனால்ட்ஸ் எண் 1000-ஐ ஒட்டி. அது அடுக்கு ஓட்டம். கொந்தளிப்பு ஓட்டத்துக்கான சூத்திரத்தைப் போட்டால் கிராஃபைட் உண்மையைவிடக் குளிர்ச்சியாகத் தெரியும்.

இங்கே வெப்பம் உப்புக்குள்ளேயே பிறக்கிறது. சுவரை ஒட்டி மெல்ல ஊரும் உப்பு அதிக நேரம் நின்று அதிகம் சூடேறுகிறது. மொத்தத் திறனில் 6, 7 சதவீதம் காமா, நியூட்ரான் வழியாகக் கிராஃபைட்டில் விழுகிறது. அது வெளியேற, ஏற்கெனவே சூடான அந்தச் சுவரோர உப்பைத்தான் கடக்க வேண்டும். அதனால் கிராஃபைட் உப்பைவிடச் சூடாக இருக்கும். உங்கள் மாடலில் குளிர்ச்சியாக வந்தால் இந்த வெப்பம் விடுபட்டிருக்கிறது.

சேனலே இல்லாத வேக நியூட்ரான் மையத்தில் சிக்கல் வேறு. எம்எஸ்எஃப்ஆரின் ஆரம்ப வடிவம் நேர்ச் சுவருள்ள உருளை. ஓட்டக் கணக்கில் சுவரோரம் சுழலும் தேக்கங்கள் தெரிந்தன, அங்கே சூடு குவிந்தது. பிறகுதான் சுவரை உள்பக்கம் வளைத்தார்கள். நியூட்ரான் கணக்கு மட்டும் செய்யும் ஆப்டிமைசருக்கு உருளைதான் பிடிக்கும். சுழற்சி தெரிந்தால் திரவ இயக்கக் கணக்கு நிபுணரை அழைக்க வேண்டிய இடம் இதுவே. சேனல் சராசரி மாடலால் இதைத் தீர்க்க முடியாது.

## அறிகுறி 8: ஆப்டிமைசர் எப்போதும் எல்லை விளிம்பில் போய் உட்காருகிறது

நிபந்தனை விடுபட்டிருக்கிறது. எந்த விளிம்பு என்று பார்த்தாலே எது விடுபட்டது என்று தெரியும். தோரியத்தைக் கூட்டிக்கொண்டே போனால் உருகுநிலை நிபந்தனை இல்லை. லித்தியம்-தோரியம் ஃப்ளூரைடில் 22.5 மோல் சதவீதத் தோரியத்தில் உருகுநிலை 565 டிகிரி செல்சியஸ். தோரியம் மிக அதிகமாகிவிட்டால் அது ஏறும். மையத்தைச் சுருக்கிக்கொண்டே போனால் கிராஃபைட் ஆயுள் நிபந்தனை இல்லை. உப்பின் பங்கைக் குறைத்துக்கொண்டே போனால் வெப்பம் எடுக்கும் நிபந்தனை இல்லை.

அதிர்ஷ்டத்தைத் தேர்ந்தெடுக்கிறது. 50 பிசிஎம் பிழையோடு 500 வடிவங்களை ஓட்டி மேலே வந்ததை எடுத்தால், எல்லா வடிவமும் சமமாக இருந்தாலும் முதலாவது சுமார் 150 பிசிஎம் "மேலாக"த் தெரியும். முதல் இருபது வடிவங்களைப் புதிய விதை எண்ணோடு, பத்து மடங்கு துகள்களோடு மீண்டும் ஓட்டுங்கள். வரிசை கலைந்தால் முதல் சுற்றின் வெற்றியாளர் வெற்றியாளரே அல்ல.

ஒரே பகுதி மையம். உப்பின் பங்கை ஒரே எண்ணாக வைத்தால் நடுவில் உச்சமும் ஓரத்தில் கசிவும் தவிர்க்க முடியாது. எம்எஸ்பிஆரில் உள்பகுதிக்கு 13 சதவீதம், வெளிப்பகுதிக்கு 37 சதவீதம் உப்பு. வெளிப்பகுதி தணிப்புக் குறைந்து, கசியும் நியூட்ரானைத் தோரியத்தில் பிடிக்கிறது. மாறியை இரண்டாகப் பிரித்த உடனே பல ஆப்டிமைசர்கள் விளிம்பை விட்டு உள்ளே வந்துவிடும்.

கிராஃபைட்டின் ஆயுள். பகுதி பிரித்த பின்னும் விளிம்பில் நின்றால் இதுதான், இருப்பதிலேயே செலவு கூடிய காரணமும் இதுதான். வேக நியூட்ரான் படப்படக் கிராஃபைட் முதலில் சுருங்கும், பிறகு வீங்கும். எம்எஸ்பிஆருக்கு வைத்த எல்லை, 50 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட நியூட்ரான்கள் சதுர செ.மீ.க்கு 3×10²². லிட்டருக்குச் சராசரி 22 கிலோவாட் திறனடர்த்தியில் அது நான்கு ஆண்டில் எட்டிவிடும். உங்கள் வடிவத்தில் மிக அதிகம் அடிபடும் கட்டையின் எண்ணை எடுங்கள், சராசரியை அல்ல. ஆண்டுக்கு எவ்வளவு சேர்கிறது என்று வகுத்து, அந்த ஆண்டுகளை ஆப்டிமைசருக்கு நிபந்தனையாகக் கொடுங்கள். எல்லை கிராஃபைட்டின் ரகத்தையும் வெப்பநிலையையும் பொறுத்து மாறும். ஒரு கட்டைக்குள்ளேயே சுருங்கும் பக்கமும் வீங்கும் பக்கமும் சேர்ந்து விரிசல் விடும் அழுத்தத்தை உண்டாக்கும். குறிப்பிட்ட ரகத்தின் கதிர்வீச்சுச் சோதனைத் தரவோடு கிராஃபைட் நிபுணர் அந்தக் கட்டையின் அழுத்தக் கணக்கைப் போட்டுக் கொடுக்கும்வரை சேனல் பரிமாணங்களை உறுதி செய்யாதீர்கள்.